இடிக்குமுன் வாசித்தோமா?

1994-ஆம் ஆண்டு கோடையில் எங்கள் ஊர்ப் பழைய கோயிலை இடித்தோம். தாமிரபரணியிலிருந்து பிரியும் கால்வாய் ஒன்றின் கரையில் அமைந்த சிற்றூர் எங்களுடையது. ஊரின் பெயர் இங்கே தேவையில்லை. பெயரை மட்டும் மாற்றினால் இக்கதை இப்பகுதியின் பல பங்குகளுக்கும் பொருந்தும். அன்று நான் கட்டடக் குழுவின் செயலாளர். இடிக்கலாம் என்று கையுயர்த்தியவர்களுள் நானும் ஒருவன்.

நாங்கள் சொன்ன காரணங்களில் பொய்யில்லை. கூரை ஒழுகியது. திருவிழாத் திருப்பலியின்போது மக்களில் பாதிப்பேர் வெளியே வெயிலில் நின்றனர். மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் உழைத்துக்கொண்டிருந்த எம்மூர்ப் பிள்ளைகள் தாராளமாகப் பணம் அனுப்ப ஆயத்தமாயிருந்தார்கள். அனுப்பும் பணத்துக்கு நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும்படி ஒரு கோபுரம் எழ வேண்டும் என்பதும் ஒரு காரணந்தான். அதை மட்டும் எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் மாலை தலைவாசலுக்கு மேலிருந்த தேக்கு உத்திரத்தைக் கயிறு கட்டி இறக்கினார்கள். ஆண்டுக்கு ஆண்டு அடித்த வெள்ளை, பொருக்காகக் கனத்திருந்தது. அது உதிர்ந்த இடத்தில் எழுத்துகள் தெரிந்தன. உளியால் செதுக்கிய தமிழ் எழுத்துகள். புள்ளியில்லாப் பழைய முறையில், இடைவெளியின்றி நெருக்கமாக ஓடின. பொழுது சாய்ந்துவிட்டது. காலையில் தாளும் பென்சிலும் கொண்டுவந்து பெயர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று எண்ணி வீட்டுக்குப் போனேன். காலையில் உத்திரம் இல்லை. விடியுமுன்பே மரக்கடை லாரி வந்து மொத்த மரத்தையும் ஏற்றிச் சென்றிருந்தது. அந்த மரத்துக்கு விலை பேசி முன்பணம் வாங்கியவர்களிலும் நான் ஒருவன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. புதிய கோயில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த உத்திரம் என்னை விட்டுப் போகவில்லை. அதில் இருந்தது தச்சரின் பெயரா, மரம் கொடுத்தவரின் பெயரா, கொள்ளைநோய்க் காலத்தில் எவரோ செய்த பொருத்தனையா, வெறும் ஆண்டுக் கணக்கா? எவரோ ஒருவர் தமக்குப் பின்வரும் எங்களை எண்ணி எழுதிவைத்தார். நாங்கள் அதைப் படிக்காமலே விற்றோம். ஒருமுறை என் நண்பரான குரு ஒருவரிடம், "பழைய கட்டடத்தை இடிப்பது பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய காரியமா, சாமி?" என்று கேட்டேன். வேடிக்கையாகத்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "எதை இடித்தோம் என்று தெரிந்து இடித்தீர்களா?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் இக்கட்டுரையில் வாசகர்முன் வைக்க விரும்புகிறேன்.

பழங்கட்டடங்களைக் காக்க வேண்டும் என்று சொல்ல வருகிறவன் முதலில் நம் விசுவாசமே எழுப்பும் மறுப்புக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எருசலேம் ஆலயத்தின் பெருங்கற்களைக் கண்டு வியந்த சீடரிடம், அவை ஒன்றின்மேல் ஒன்று நில்லாமற் போகும் என்றவர் நம் ஆண்டவர். மனிதர் கையால் கட்டிய இல்லங்களில் உன்னதர் குடியிருப்பதில்லை என்று வாதிட்டுக் கல்லெறியுண்டு இறந்தவர் ஸ்தேவான். உயிருள்ள கற்கள் நாமே என்று பேதுருவின் திருமுகம் கற்பிக்கிறது. அப்படியிருக்க, காரை பெயர்ந்த சுவருக்காக ஏன் கண்ணீர் விட வேண்டும்?

அதே விவிலியத்தில் வேறு இரண்டு காட்சிகளும் உள்ளன. யோர்தானைக் கடந்த மக்கள் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரு கற்களை எடுத்துவந்து கரையில் நாட்டினார்கள். நாளை பிள்ளைகள் அவற்றைக் கண்டு விவரம் கேட்பார்கள், அப்போது பெற்றோர் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அவ்வேற்பாடு. பிள்ளையின் கேள்விக்கு ஓர் இடம் வேண்டும் என்று அன்று யோசுவா அறிந்திருந்தார். மற்றொன்று எஸ்ரா நூலில் வருவது. நாடு திரும்பிய மக்கள் இரண்டாம் ஆலயத்துக்கு அடித்தளமிட்டபோது இளையோர் மகிழ்ச்சியால் ஆரவாரித்தனர்; முதல் ஆலயத்தைக் கண்ணால் கண்டிருந்த முதியோர் உரத்த குரலில் அழுதனர்; அழுகை எது, ஆரவாரம் எது எனப் பிரித்தறிய இயலவில்லை என்கிறது அந்நூல். முதியோரின் அழுகையை விவிலியம் கண்டிக்கவில்லை என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. எங்கள் கோயில் இடிந்த அன்று கால்வாய்க்கரையில் ஓர் ஆச்சி உட்கார்ந்து அழுதாள். "புதுசு பெருசா வருதுல்லா, ஏன் ஆச்சி அழுத?" என்று நாங்கள் தேற்றினோம். "வரட்டும் ய்யா. நான் தாலி கட்டின வாசலு இதுல்லா" என்றாள்.

இரண்டாம் மறுப்பு வறுமையிலிருந்து எழுவது. இது முன்னதைவிட வலியது. பசித்தவன் வாசலில் நிற்கும்போது கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் செலவிடலாமா? இதற்கு நான்காம் நூற்றாண்டு மிலான் நகர ஆயர் புனித அம்புரோஸ் செயலால் பதில் சொன்னார். கோத்தியர் சிறைபிடித்துச் சென்றவர்களை மீட்கப் பணம் தேவைப்பட்டபோது அவர் தம் ஆலயத்தின் பொன், வெள்ளித் திருப்பாத்திரங்களை உடைத்து உருக்கினார். எதிரிகள் பழித்தபோது, ஆன்மாக்களைக் காப்பது பொன்னைக் காப்பதினும் மேல் என்ற பொருளில் வாதாடினார். அவர் செய்தது சரி என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பிடிபட்ட மனிதர்களின் விலையாக எங்கள் உத்திரம் விற்கப்பட்டிருந்தால் இன்று நான் பெருமையோடு அதை எழுதியிருப்பேன். நாங்கள் விற்றது பளபளப்பான தரைக்கல் வாங்குவதற்காக. ஏழையின் பெயரைச் சொல்லிப் பழையதை இடித்துவிட்டுப் பின் கட்டும் புதியதில் ஏழைக்கு என்ன பங்கு கிடைத்தது என்று கணக்குப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

ஆனால் பழையது என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைக் காக்க வேண்டுமா? இக்கேள்வியை நம் திருநெல்வேலிச் சீமையே மிகக் கூர்மையாக எழுப்பியிருக்கிறது. பொருநைக் கரையை விட்டுச் சற்றுத் தெற்கே, வடக்கன்குளத்துக்குப் போக வேண்டும்.

அங்குள்ள திருக்குடும்பத் தேவாலயத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். 1872-இல் எழுந்த அக்கோயிலுக்கு இரண்டு நீண்ட கூடங்கள். இரண்டும் சாய்வாக வந்து ஒரே பீடத்தில் கூடுகின்றன. மேலிருந்து பார்த்தால் கால்சட்டை விரித்து வைத்தாற்போல் இருக்கும். கட்டடக் கலைஞரின் கற்பனையில் பிறந்த வடிவம் அன்று இது. ஒரு கூடத்தில் வேளாளர். மறு கூடத்தில் நாடார் முதலிய பிறர். நடுவே தடுப்பு. இரு சாராரும் ஒரே பீடத்தைக் காணலாம், ஒரே குருவின் குரலைக் கேட்கலாம், ஒருவரை ஒருவர் காண வேண்டியதில்லை. இதே வடக்கன்குளத்தில்தான் 1745-இல் நீலகண்ட பிள்ளை திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பாராமல் எல்லாருடனும் கலந்து உண்டதையும் பழகியதையும் அவர்மீது குற்றமாகச் சொன்னவர்கள் உண்டு. 2022-இல் திருச்சபை அவரைப் புனிதர் எனப் பறைசாற்றியது. அவர் ஞானத்தீட்சை பெற்ற ஊர், ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டுக்குப் பின் ஒரே கடவுளுக்கு இரு கூடம் கட்டியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குப் பணியாற்றிய இயேசு சபைக் குரு கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை அகற்றினார். திரு இருதய சகோதரர் சபையை நிறுவியவரும் அவரே. அகற்றியதை எதிர்த்து ஒரு சாரார் நீதிமன்றம் சென்றனர். வழக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வரை நடந்தது. தடுப்பு எங்கள் உரிமை என்ற கோரிக்கை நிலைபெறவில்லை. ஆராய்ச்சியாளர் ஆ. சிவசுப்பிரமணியன் தம் 'கிறித்தவமும் சாதியும்' என்னும் நூலில் இவ்வரலாற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார். படிக்காதவர்கள் தேடிப் படிப்பது நல்லது, சுகமான வாசிப்பாக இராது என்றாலும்.

இங்கே நிதானித்து எண்ண வேண்டும். தொன்மை என்ற ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் அந்தத் தடுப்பும் பழமைச் சின்னமே. அது நின்றிருந்தால் இன்று சுற்றுலாக் கையேடுகள் அதை வருணித்திருக்கும். ஆனால் அது ஒவ்வொரு ஞாயிறும் மனிதரை மனிதரிடமிருந்து பிரித்த கருவி. அதை எடுத்தது கடமை. சிலர் அடுத்த படிக்குப் போய்க் கேட்கக்கூடும்: அப்படியானால் அந்த இரட்டைக் கூடத்தையும் இடித்து, வெட்கத்தின் அடையாளமே இல்லாமல் ஒரே கூடமாகக் கட்டியிருக்கலாமே? வேண்டாம் என்பதே என் துணிபு. தடுப்பு போனது சரி. வடிவம் நிற்பதும் சரி. இரண்டு கால்கள் ஏன் என்று ஒரு சிறுவன் தன் தகப்பனைக் கேட்டால், அந்தத் தகப்பன் பொய் சொல்ல முடியாது. நாம் அப்படியெல்லாம் இருந்ததில்லை என்று சொல்லத் துடிக்கும் நம் நாவை அந்தச் சுவர்கள் தடுக்கின்றன. நம் பெருமையைச் சொல்லும் கட்டடத்தைக் காப்பதில் அறம் அதிகம் இல்லை. எவரும் அதைச் செய்வர். நம் குற்றத்தைச் சொல்லும் கட்டடத்தைக் காப்பதற்கு மனம் வேண்டும்.

கௌசானல் அடிகளார் செய்ததற்கும் நாங்கள் 1994-இல் செய்ததற்கும் உள்ள வேறுபாடும் இதில் விளங்கும். அவருக்குத் தாம் எதைத் தகர்க்கிறோம் என்பது முழுமையாகத் தெரியும். அந்தத் தடுப்பை அவர் வாசித்திருந்தார். அது என்ன சொல்கிறது என்று அறிந்தே எடுத்தார். அதன் விளைவையும் ஏற்றார். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்களுக்கு அது பழசு, அவ்வளவுதான்.

வாசிக்காமல் இழப்பது நம் கோயில்களோடு நிற்பதில்லை. ஆற்றோடு கீழே போனால் ஆதிச்சநல்லூர். பொருநையின் தென்கரையில், பயிருக்கு உதவாத மேட்டு நிலத்தை இறந்தோருக்கு ஒதுக்கி, நன்செயை உயிரோடு இருப்போருக்கு விட்டுவைத்த மக்களின் இடுகாடு அது, 114 ஏக்கர். அந்த ஏற்பாட்டிலேயே ஒரு விவேகம் தெரிகிறது. 1876-இல் ஜெர்மனியின் ஜாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ அகழ்ந்தெடுத்த வெண்கலப் பொருள்களும் இரும்புக் கருவிகளும் தங்கப் பட்டங்களும் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. அதற்குப்பின் ஏறத்தாழ நூறாண்டு, 2004-இல் தொல்லியல் துறை மீண்டும் மண்வெட்டி எடுக்கும் வரை, அந்த மேடு பெரும்பாலும் மறக்கப்பட்டே கிடந்தது. அப்போது நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகள் கிடைத்தன; ஆனால் அதன் முழு அறிக்கைக்காகப் பல்லாண்டு காத்திருக்க நேர்ந்தது. 2020-ஆம் ஆண்டு நடுவண் அரசின் நிதிநிலை அறிக்கையில் ஆதிச்சநல்லூர் இடம்பெற்றது. 2023 ஆகஸ்டு முதல், குழியில் தாழிகள் இருந்த நிலையிலேயே கண்ணாடித் தளத்தின் மேல் நின்று காண வழி பிறந்துள்ளது. அங்கிருந்து வெகு தொலைவில்லாத சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த நெல்மணிகள் ஏறத்தாழ 3,200 ஆண்டுப் பழமையானவை என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. இறந்தவரோடு ஒரு பிடி நெல்லையும் வைத்து அனுப்பிய கை நம்முடைய கையே.

அந்த ஊர் மக்கள் தம் முன்னோரின் பொருள்களைக் காண நூறாண்டுக் காலம் சென்னைக்கு இரயிலேற வேண்டியிருந்தது. பெர்லினுக்குப் போனவற்றை அவர்கள் கண்டதே இல்லை. பாதுகாப்பு என்பதற்கு அதுவும் ஒரு பெயர்தான். ஆனால் பொருள் காக்கப்பட்டு, அதற்குரியவர்களின் நினைவு அழிந்துபோகும் பாதுகாப்பு.

நம் பங்கிலும் இப்படி ஒன்று உண்டு. ஆதிச்சநல்லூரிலிருந்து ஆற்றோடு இன்னும் கீழே சென்றால், பொருநை கடலில் கலக்கும் புன்னைக்காயல். அண்டிரிக் அடிகளார் நெடுங்காலம் வாழ்ந்து பணியாற்றி, 1600-இல் கண்மூடிய ஊர். இந்தியாவில் இந்திய மொழி எழுத்தால் அச்சான நூல்களுள் முதன்மையான 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. அதன்பின் 1586-இல் வெளிவந்த அவருடைய 'அடியார் வரலாறு' புன்னைக்காயலில் அச்சிடப்பட்டதாகவே அறிஞர் பலர் கருதுகின்றனர். அந்நூலின் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. இதனை நம் காலத் தமிழறிஞர்க்கு எடுத்துரைத்தவர்களுள் தனிநாயகம் அடிகளாரும் ஒருவர். அவர் தம் இளமையில் ஆசிரியப் பணியாற்றித் தமிழை ஆழ்ந்து கற்றது மேலே சொன்ன வடக்கன்குளத்தில்தான் என்பது ஓர் இனிய ஒற்றுமை. நூல் உரோமையில் உள்ளது. அச்சுக்கூடம் இருந்த இடம் இது என்று ஒரு பிள்ளைக்குக் கைகாட்ட, புன்னைக்காயலில் ஒரு குட்டிச்சுவர்கூட இல்லை. கடலும் போரும் கொண்டுபோனவை பல; அவற்றுக்கு நாம் பொறுப்பல்ல. ஆனால் மீந்து நிற்பவற்றுக்கு?

எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சொல்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். தாமிரபரணியின் அணைக்கட்டுகளைப் பாருங்கள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் எனப் பழையவை ஏழு. ஆங்கிலேயர் காலத்துத் திருவைகுண்டம் எட்டாவது. இவற்றை எவரும் நினைவுச் சின்னம் என்று அழைப்பதில்லை. மடை திறப்பதும் அடைப்பதும் தூர் வாருவதுமாக உழவர் தலைமுறை தலைமுறையாக அவற்றோடு உழன்று வருவதால் அவை நிற்கின்றன. நாள்தோறும் ஒருவர் வந்து பார்க்கும் கட்டடம் எளிதில் விழாது. ஒரு விரிசலை முதல் மழையிலேயே கண்டுவிடுவார்கள். பூட்டிவைத்த கோயிலில் ஆலஞ்செடி மரமாகும்வரை எவருக்கும் தெரிவதில்லை.

குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றின் நடுவிலேயே நிற்கிறது. வெள்ளம் வரும் என்று தெரிந்தே கட்டியவர்கள் அதைக் கட்டினார்கள். வெள்ளக் காலத்தில் உற்சவர் சிலையைக் கரைமேல் உள்ள கோயிலுக்கு எழுந்தருளச் செய்துவிடுவது வழக்கம். மூலக் கோயில் நீரில் மூழ்கியிருந்து, நீர் வடிந்தபின் மீண்டும் வெளிப்படும். 2023 டிசம்பர் 17, 18 நாள்களின் பெருவெள்ளத்தில் நம் வீடுகள் என்ன பாடுபட்டன என்பதை நாம் அறிவோம். அன்றும் அது மூழ்கி எழுந்தது. ஆற்றோடு சண்டையிடாமல் கட்டும் அந்த அறிவை எந்தப் பாடநூலிலிருந்து நாம் இனிப் பெறுவது? அந்தக் கல் கட்டடமே பாடநூல்.

நம் பழைய கோயில்களின் சுவர்களும் அவ்வாறே. சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்துப் புளிக்கச் செய்து, மணலோடு அரைத்து, கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் சேர்த்துக் குழைத்த காரையால் அவை எழுந்தன. அந்தச் சுவர் மூச்சு விடும்; மழையில் வாங்கிய ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் நாம் அன்போடு சிமெண்டு பூசுகிறோம். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, செங்கலை அரிக்கிறது. ஐந்தாறு ஆண்டில் பூச்சு பாளமாக விழும்போது, "பழைய சுவர், இனித் தாங்காது" என்கிறோம். சுவரை நோயாளியாக்கியது நாம் கொடுத்த மருந்து. எங்கள் கோயிலிலும் 1980-களில் சிமெண்டு பூசினோம். கூரை ஒழுகியதற்குக்கூட ஓடு மாற்றாததே காரணம் என்று வயதான கொத்தனார் ஒருவர் குழுவிடம் சொன்னார். அவரிடம் நக்சாவும் மதிப்பீடும் இல்லை; பொறியாளரிடம் இரண்டும் இருந்தன. கொத்தனாரின் பேச்சை நாங்கள் குறிப்பேட்டில் ஏற்றவில்லை.

"எங்கள் தலைக்கட்டு வரியில் கட்டிய கோயில், எங்கள் விருப்பப்படி செய்வோம்" என்பது பங்குகளில் அடிக்கடி கேட்கும் சொல். அதில் பாதி உண்மை உண்டு. ஆனால் அந்தக் கோயிலுக்கு வரி கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அதில் முழங்காலிட வேண்டியவர்களில் பெரும்பாலோர் இன்னும் பிறக்கவில்லை. பொதுக்கூட்டத்தில் கையுயர்த்த முடிவது நடுவில் உள்ள நமக்கு மட்டுமே. அதனால் நம்மை உரிமையாளர் என்று நினைத்துவிடுகிறோம். நாம் கணக்கு ஒப்புவிக்க வேண்டிய கண்காணிப்பாளர்களே. திருச்சபைச் சட்டமும் இதையே உணர்த்துகிறது. வழிபாட்டுக்குரிய அரிய கலைப்பொருள்களை இழந்துவிடாதபடி ஆயர்கள் விழிப்பாயிருக்கக் கேட்டது இரண்டாம் வத்திக்கான் சங்கம். கலை அல்லது வரலாற்று மதிப்புள்ளவற்றைக் கைமாற்றுவதற்குத் திருப்பீடத்தின் இசைவும், விலைமதிப்பற்ற திருவுருவங்களைப் புதுப்பிக்க ஆயரின் எழுத்து மூலமான அனுமதியும் வேண்டும் என்கிறது 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு. நம் பங்குப் பேரவைகளில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கிறோம்? நான் செயலாளராக இருந்தபோது கேள்விப்பட்டதில்லை.

இந்தக் கண்காணிப்பு நம் வேலிக்குள் முடிவதும் இல்லை. பாளையங்கோட்டையில் கிளாரிந்தா அம்மையார் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுப்பிய சிறிய கோயில் இருக்கிறது. மக்கள் வாயில் அது பாப்பாத்தியம்மாள் கோயில். 1778-இல் சுவார்ட்சு ஐயரிடம் திருமுழுக்குப் பெற்ற கைம்பெண் அவர். அது நம் சபையைச் சேர்ந்ததன்று. ஆனாலும் அந்தக் காலத்தில் ஒரு கைம்பெண் தன் பெயரால் ஒரு கட்டடத்தை நிலைநிறுத்தினாள் என்னும் செய்தி நம் பெண் பிள்ளைகளுக்கும் உரியது. பாளையங்கோட்டையையும் நெல்லையையும் இணைக்கும் ஆற்றுப்பாலத்தை நாள்தோறும் கடக்கிறோம். ஓடத்துக்காக மக்கள் கரையில் முண்டியடித்து வருந்திய காலத்தில், சிரஸ்தேதார் பதவியிலிருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைக் கொடுத்துக் கட்டுவித்தது அது, 1843-இல் திறக்கப்பட்டது. பின்னர் அகலப்படுத்தப்பட்டதால், மேலே செல்பவர்களுக்குப் பழைய வளைவுகள் தெரிவதில்லை. ஆற்றில் இறங்கிக் குளிப்பவர்களுக்கே தெரியும். ஆற்றில் இறங்கிக் குளிப்பவர்கள் இன்று குறைந்துவிட்டார்கள் என்பது வேறு கதை. படித்துறை மண்டபங்கள் பல புதர் மூடிக் கிடப்பதற்கும் அதுவே காரணம்.

சென்ற ஆண்டு, எங்கள் பக்கத்து ஊர்ப் பங்குப் பேரவையிலிருந்து இரண்டு இளைஞர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் ஊர்ப் பழைய மணிக்கூண்டு சாய்ந்திருக்கிறது. இடிக்கத் தீர்மானம் போட இருக்கிறார்கள். முன்பு கட்டடக் குழுவில் இருந்தவன் என்பதால் செலவு விவரம் கேட்க வந்தார்கள். "சார், எவ்வளவு ஆகும்?" என்றார்கள். நான் செலவைச் சொல்லவில்லை. என் உத்திரத்தின் கதையைச் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவர்களோடு போனேன். அடிப்பீடத்தின் வடபுறம் ஒரு கல் பதித்திருந்தது. வெள்ளைக்கு மேல் வெள்ளை அடித்து அதன் முகமே மறைந்திருந்தது. மூங்கில் சீவலால் மெல்லச் சுரண்டினோம். இரும்புத் தூரிகை வேண்டாம் என்றேன். எழுத்தின் விளிம்பு போய்விடும். தாளை ஒட்டிவைத்துக் கரித்துண்டால் தேய்த்தோம். ஊர்ப் பெரியவர்கள் சிலர் வேடிக்கை பார்க்க வந்து, பிறகு அவர்களும் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள். ஒரு பெண்ணின் பெயரும், 'நெல்' என்ற சொல்லும், அதன்பின் ஓர் அளவும் படிக்க முடிந்தது. அந்த அம்மாளின் வழியினர் எவரும் ஊரில் இருப்பதாகத் தெரியவில்லை.

கூண்டைப் பற்றி இன்னும் தீர்மானம் ஆகவில்லை. சாய்வு உண்மையானது, பள்ளிப் பிள்ளைகள் அதன் கீழேதான் விளையாடுகிறார்கள், இடிக்கத்தான் வேண்டியிருக்கும் என்றால் நான் எதிர்த்துப் பேசமாட்டேன். இப்போதைக்கு அதைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். கல்லின் கடைசி வரியில் மூன்று எழுத்துகள் இன்னும் பிடிபடவில்லை. வருகிற ஞாயிறு திருப்பலி முடிந்ததும், வெயில் ஏறுமுன், மறுபடியும் போகிறோம்.